கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்: கரும்பா, தகரமா?

போன இதழில் நம் மொரீஷியஸில் நடந்த ஒரு சின்னக் கண்காட்சியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இளம் ஓவியர்கள் சிலர் படங்களை மாட்டினார்கள், எங்களைப் போல எழுதுகிறவர்கள் படத்துக்கு ஒரு கவிதை வீதம் எழுதிப் பக்கத்தில் ஒட்டினோம் என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் மேஜையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கோவில் திருவிழா தேதி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்துக் கவிதை எழுதுவது அடுத்தவர் நெருப்பில் குளிர்காய்வது மாதிரி இல்லையா மிஸ்?
(வாசகர், கியூர்பிப்)

கியூர்பிப் குளிரில் குடியிருந்துகொண்டு குளிர்காய்வதைக் குறை சொல்லலாமா? ஜூலை மழையில் உங்கள் ஊருக்கு வந்தால் நான் யார் நெருப்பு என்று பார்க்கவே மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரிபாடலின் 19ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். நப்பண்ணனார் பாடியது. திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபம், சுவரெல்லாம் படம். அந்தப் படங்களை வண்ணம் வண்ணமாக வருணிப்பார் என்று எதிர்பார்த்துப் போனால், அவர் படத்தின் முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பாடுகிறார். இவர் யார், இவள் யார் என்று சிலர் கேட்கிறார்கள். காமனும் ரதியும் என்று பதில் வருகிறது. இன்னொருவர் கையை நீட்டி, இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, கோபித்துக்கொண்டு போகிறவர் கௌதமர், இது அவள் கல்லான இடம் என்று கதை சொல்கிறார். கண்காட்சியில் நமக்குப் பின்னால் நின்று மனைவிக்கு விளக்கம் சொல்லும் ஆளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார் புலவர். அந்தச் சுவர் இன்று இல்லை, கை நீட்டியவரின் பேச்சு இருக்கிறது.

அந்த மண்டபத்துக்கு அவர் வைத்த பெயர் 'எழுத்துநிலை மண்டபம்'. எழுத்து என்றால் அங்கே ஓவியம். கண்ணுக்கு மை எழுதுவது, சுவரில் பாவை எழுதுவது, ஓலையில் பாட்டு எழுதுவது எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே வினைச்சொல்தான் இருந்தது. ஆகவே இது அடுத்தவர் அடுப்பு என்று நான் நினைக்கவில்லை. ஒரே வீட்டு அடுப்புதான், இரண்டு பேர் சமைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நெடுநல்வாடையில் அரசி தனியாகப் படுத்திருக்கிறாள். கணவன் போர்ப் பாசறையில். கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் வான மண்டலத்தை எழுதியிருக்கிறார்கள். அதில் சந்திரனை விட்டுப் பிரியாமல் நிற்கிற ரோகிணியைப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். நக்கீரர் அந்த ரோகிணிக்கு மூக்கு எப்படி, முழி எப்படி என்று சொல்லவேயில்லை. பார்த்தவளுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொன்னார். படத்துக்குக் கவிதை எழுத உட்காரும்போதெல்லாம் நான் இந்த இடத்தை ஒரு தடவை படித்துக்கொள்வேன்.

பாடப் புத்தகத்தில் செத்துப்போன ஓவியர்களின் படத்துக்கு எழுதிய கவிதைகள்தான் இருக்கின்றன. நம் காலத்து ஓவியர் படத்துக்கு நம் காலத்துக் கவிஞர் எழுதினால் என்ன வித்தியாசம்?
(கல்லூரி மாணவி, குவாத்ர் போர்ன்)

செத்தவர் சண்டைக்கு வரமாட்டார், அதுதான் பெரிய வித்தியாசம். ஆடன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1938இல் புருகலின் படங்களைப் பற்றி எழுதினார். புருகல் கண் மூடியது 1569இல். ஆடன் என்ன எழுதினாலும் கேட்க ஆள் கிடையாது. உயிரோடு இருக்கிற ஓவியரானால், திறப்பு விழாவுக்கு வந்து, கையில் சமோசாவோடு, "நான் அப்படி வரையவில்லையே" என்பார். எனக்கு நடந்தது. கீழே சொல்கிறேன்.

உனக்கு வேண்டிய உதாரணம் நம் துறைமுகம் வழியாகவே போனது. 1841இல் இருபது வயதுப் பையன் ஒருவனை, பாரிஸில் காசைக் கரைக்கிறான் என்று தாயின் இரண்டாவது கணவர் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கப்பல் போர்ட் லூயிஸில் நின்றது. அவன் இங்கே ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்தான், பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குப் போனான், கல்கத்தா வேண்டாம் என்று திரும்பிவிட்டான். அவன்தான் பிற்பாடு பெரிய பிரெஞ்சுக் கவிஞரான பொதலேர். இங்கே விருந்து வைத்த வீட்டு அம்மாளுக்கு ஒரு கவிதை எழுதினான். 'மலபார்ப் பெண்ணுக்கு' என்றும் ஒன்று இருக்கிறது. மலபார் என்பது அந்நாளில் நம் ஆட்களுக்கு வைத்த பெயர். ரெயூனியனில் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கவிதையை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று நீயே படித்துப் பார்.

இருபது வருஷம் கழித்து பாரிஸில் அவருடைய நண்பர் மனே, லோலா என்ற ஸ்பானிய நடனக்காரியை வரைந்தார். 1862இல். பொதலேர் அந்தப் படத்துக்காக நாலே வரி எழுதினார். கறுப்புப் பாவாடை, அதில் பூ, தலையில் வெள்ளைத் துணி என்று படத்தில் எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் அவர் தொடவில்லை. ரோஜா நிறமும் கறுப்பும் சேர்ந்த, யாரும் எதிர்பாராத ஒரு நகையின் கவர்ச்சி இவளிடம் மின்னுகிறது என்றார். அவ்வளவுதான். காபிக்கடை விமரிசகர்கள் அந்த நகைக்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்து ரகளை செய்தார்கள். படத்துக்கும் திட்டு, கவிதைக்கும் திட்டு. கூட நின்று திட்டு வாங்குவதும் சமகாலத்தவர் செய்கிற காரியம்தான், இல்லையா?

நியூயார்க்கில் பிராங்க் ஓஹாரா என்று ஒருவர். நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதினார், சுற்றிலும் ஓவிய நண்பர்கள். மைக் கோல்ட்பர்க் ஒரு படம் வரைந்துகொண்டிருக்கும்போது இவர் போய்ப் பார்க்கிறார். படத்தில் மத்தி மீன் என்று எழுதியிருக்கிறது. அந்த இடத்துக்கு ஏதோ தேவைப்பட்டது என்கிறார் ஓவியர். சில நாள் கழித்துப் போனால் மீனைக் காணோம், வெறும் எழுத்துகள்தான் மிச்சம். அதிகமாகிவிட்டது என்கிறார். கவிஞரோ ஆரஞ்சு நிறத்தை நினைத்துப் பக்கம் பக்கமாக எழுதி முடிக்கிறார், கடைசியில் பார்த்தால் ஆரஞ்சு என்ற சொல்லே அதில் விழவில்லை. அதற்குத் தலைப்பு 'ஆரஞ்சுகள்', படத்துக்குத் தலைப்பு 'மத்தி மீன்கள்'. இந்தக் கதையையே ஒரு கவிதையாக எழுதிவிட்டார். இதை எழுத, வரைந்து முடித்த படம் போதாது. வரைகிற அறைக்குள் போய்வர விடுகிற சிநேகம் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 5 என்று எண் போட்ட தீயணைப்பு வண்டி தெருவில் ஓடுவதைப் பார்த்துக் கவிதை எழுத, அவர் நண்பர் டெமுத் 1928இல் அந்த 5ஐத் தங்க நிறத்தில் பெரிதாக வரைந்துவிட்டார்.

எனக்குக் கொடுத்த படத்தில் வெறும் கோடுகள்தான். என்ன எழுதுவது மிஸ்?
(வாசகர், திரியோலே)

இப்போது என் மானம் போன கதை. எனக்கு வந்த படத்திலும் கோடுகள்தான். மேலிருந்து கீழே பச்சைப் பச்சையாக, ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம், அங்கங்கே செம்பழுப்புத் தீற்றல். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கரும்பு! கரும்புத் தோட்டம், அதில் நம் பாட்டன் பூட்டன் சிந்திய இரத்தம். இருபத்து நாலு வரி, ஒரே மூச்சில். கண்ணீர் வரவழைக்கும் என்று எனக்கே நம்பிக்கை. கப்பல் கூட வந்தது அதில்.

ஓவியருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார், மரியாதையாகத் தலையாட்டினார். அப்புறம் மெதுவாக, "மிஸ், இது தோல்" என்றார்.

தோல் என்றால் வெளியூர் வாசகர்கள் குழம்பவேண்டாம். இங்கே கிரியோல் மொழியில் நெளிதகரத்துக்குத் தோல் என்று பெயர். அவர் பாட்டி வீட்டுச் சமையற்கட்டுச் சுவர். பச்சை வர்ணம் அடித்த தகரம், மேடும் பள்ளமும்தான் இருட்டும் வெளிச்சமும். நான் இரத்தம் என்று நினைத்தது துரு.

அன்று வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கம் இல்லை. கரும்பு அந்தப் படத்தில் இல்லை, என் பையில் இருந்தது. முப்பது வருஷமாக எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். பள்ளி ஆண்டு விழாவா, கரும்பு. சுதந்திர தினமா, கரும்பு. நம் தீவில் தமிழில் எழுதுகிற எல்லோரிடமும் இந்தப் பை இருக்கிறது. பொய் என்று சொல்லவில்லை, பாட்டன் வெட்டியது உண்மைதான். ஆனால் அந்தப் பையன் எனக்கு ஒரு சமையற்கட்டைக் காட்டினார், நான் பார்க்கவேயில்லை.

மறுநாள் போய் ஒரு மணி நேரம் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் அரைமணிக்கு ஒன்றும் தெரியவில்லை, கால்தான் மரத்தது. பிறகு அந்தச் செம்பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். கண்டபடி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியிலிருந்து இறங்குகிறது. ஆணி அடித்த இடம். அதுவும் ஒரே உயரத்தில் வரிசையாக இருக்கிறது, பின்னால் கட்டை ஓடுகிற இடம் என்று அதை வைத்தே தெரிகிறது. ஓர் இடத்தில் மட்டும் பச்சை வெளுத்து, துரு பக்கவாட்டில் கலங்கியிருந்தது. கேட்டேன். "பாட்டி துடைப்பாங்க மிஸ்" என்றார். இருபத்து நாலு வரி ஆறு வரி ஆனது:

எங்கள் ஊரில் தகரத்துக்குத் தோல் என்று பெயர்.
பச்சை பூசிய தோல்.
ஆணி இறங்கிய இடமெல்லாம்
துரு வழிகிறது.
பாட்டி ஈரத்துணியால் துடைப்பாள்.
மறுநாளும் வழியும்.

நல்ல கவிதை என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடாது. முதலாவதைவிட நல்லது, அதைச் சொல்லலாம். உங்கள் கோடுகளுக்கும் இதுதான் வழி. என்ன படம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரு கோடு எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒருவேளை அது எதுவுமாகவும் இல்லாமல் கோடாகவே இருக்கலாம். அப்போது அந்த அரைமணிநேரம் உங்கள் மனம் எங்கெங்கே ஓடிற்று என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து எழுதலாமா?
(வாசகி, ஃபிளாக்)

எழுதலாம், ஆனால் எழுதியபிறகு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கைப்பேசியில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான். நான் சொன்ன தகரம் என்னைவிட உயரம். ஆணிப்புள்ளிகள் கைப்பேசியில் தெரியவே தெரியாது.

ஒரு கவிஞர் என் ஓவியத்தைத் தன் புத்தக அட்டையில் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார். படத்தை விலைக்கு வாங்கியவர் அனுமதி கொடுத்தாராம்.
(ஓவியர், போ பாசேன்)

வாங்கியவருக்குச் சுவரில் மாட்ட உரிமை. அச்சடிக்கிற உரிமை, எழுதிக் கொடுத்தாலொழிய, வரைந்தவரிடமே நிற்கும். இதைக் கவிஞருக்குக் கடிதமாக எழுதுங்கள், பதிப்பாளருக்கும் ஒரு நகல். கவிதை எழுத உங்கள் அனுமதி வேண்டியதில்லை, படத்தை அச்சடிக்க வேண்டும். முதலில் நல்ல வார்த்தையில் கேளுங்கள். பல பேர் தெரியாமல் செய்கிறார்கள். தெரிந்து செய்கிறவர்கள் பதிலே போடமாட்டார்கள், அதில் ஆள் தெரிந்துவிடும்.

நம் தீவில் எழுத்தும் ஓவியமும் இரண்டும் தெரிந்தவர்கள் உண்டா?
(வாசகர், மாயேபூர்)

மால்கம் த ஷசால் போதாதா? 1902இல் வாக்கோவாவில் பிறந்தவர். கியூர்பிப் தாவரத் தோட்டத்தில் ஓர் அசேலியாப் பூவைப் பார்த்தார், பூவும் தன்னைத் திரும்பிப் பார்த்தது என்றார். அதிலிருந்து பிறந்த எழுத்துகள் 1948இல் பாரிஸில் புத்தகமாகி ஒரு கலக்குக் கலக்கின. தூரிகையை அதற்குப் பிறகுதான் எடுத்தார். மீனும் பூவும் டோடோப் பறவையும் குழந்தை வரைந்த மாதிரி இருக்கும். ஒரே வீட்டில் பங்கு பிரித்துக்கொண்டவர்களும் உண்டு. மாசோன் சகோதரர்களில் லோயிஸ் கவிஞர், எர்வே ஓவியர்.

எல்லாம் சரி மிஸ், இங்கே தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினால் யார் படிப்பார்கள்?
(வாசகர், போர்ட் லூயிஸ்)

கேள்வி சுடுகிறது. நம் பணத்தாளில் தமிழ் இருக்கிறது. 1998இல் வந்த புதுத்தாளில் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டுவிட்டார்கள் என்று நாம் கிளம்பிய வேகத்தில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு ரோஷமுள்ள நம்மில் எத்தனை பேருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியும்? முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் கேட்கிறேன், பதில் எனக்கே தெரியும். பலருக்குத் தமிழ் எழுத்து ஒரு படம்தான். நப்பண்ணனார் சொன்ன 'எழுத்து' வேறு விதமாக நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

கண்காட்சியின் கடைசி நாள் ஓர் அம்மாள் பேத்தியோடு வந்தார். பேத்தி என் பழைய மாணவி, ஆறாம் வகுப்போடு தமிழை விட்டவள். பாட்டி கேட்டதற்காகக் கவிதையை எழுத்துக்கூட்டி வாசித்தாள், பொருள் புரியாமல். எங்கள் ஊரில்... தகரத்துக்கு... பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார், அவருக்கும் புரியவில்லை. தோல் என்ற சொல் வந்ததும் பேத்தியின் கையைப் பிடித்து நிறுத்தினார். படத்தைப் பார்த்தார். "லகாஸ் தோல்!" (தகர வீடு!) என்று சிரித்தார். பிறகு என் கவிதையை விட்டுவிட்டு, கரோல் புயலில் தங்கள் தகர வீட்டுக் கூரை எந்தப் பக்கமாகப் பறந்தது என்று அந்த ஓவியப் பையனிடம் கையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.