ஓப்பன்ஏஐ ஊழியர்களின் கையெழுத்து: இலட்சியத்துக்கா, பணத்துக்கா? (கேள்வி பதில்)

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் இயக்குநர் குழு, சாம் ஆல்ட்மனைத் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து நீக்கியது. குழுவிடம் அவர் எப்போதும் வெளிப்படையாக இருக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். ஐந்தாம் நாள் இரவில் அவர் திரும்பி வருவது உறுதியாகிவிட்டது. இடையில், சுமார் 770 ஊழியர்களில் 700க்கும் மேற்பட்டோர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். குழு விலகி ஆல்ட்மன் திரும்பாவிட்டால் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விடுவோம் என்று அதில் எச்சரித்திருந்தார்கள். ஊழியர் பங்கு ஒப்பந்தங்களைப் படித்து விளக்குவது என் தொழில். அதனால் அந்தக் கையெழுத்துகளைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: மனித குலத்துக்காக உழைக்கிறோம் என்றவர்கள் கடைசியில் பணத்துக்காகத்தானே கையெழுத்திட்டார்கள்?

பதில்: அந்தக் கையெழுத்தை வைத்து எவர் மனத்தையும் அளக்க முடியாது. ஆல்ட்மன் திரும்பினால் நிறுவனம் பிழைக்கும். பிழைத்தால் ஆராய்ச்சி தொடரும், கையிலுள்ள பங்குக்கும் விலை கிடைக்கும். இலட்சியத்தை நேசித்தவரும் வீட்டுக் கடனை நினைத்தவரும் ஒரே இடத்தில்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டும் எதிரெதிராக நிற்கும்போதுதான் ஒருவர் எதைத் தேர்ந்தார் என்பது தெரியவரும். அந்தச் சோதனை ஆறு மாதம் கழித்து வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி: உண்மையில் எவ்வளவு பணம் பணயத்தில் இருந்தது, ஐயா?

பதில்: 2023 தொடக்கத்தில் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 2,900 கோடி டாலர். நெருக்கடி வெடித்தபோது, த்ரைவ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் ஊழியர்களிடமிருந்து பங்குகளை வாங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதில் பேசப்பட்ட மதிப்பு 8,600 கோடி டாலர். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனத்தில் ஊழியரின் சொத்து பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். அதைக் காசாக்கும் வாசல் எப்போதாவதுதான் திறக்கும். திறக்கவிருந்த வாசல் மூடிக்கொள்ளுமோ என்று பயந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: லாப நோக்கமற்ற அமைப்பில் பங்கு எப்படி வந்தது?

பதில்: 2015இல் அது லாப நோக்கமற்ற அமைப்பாகத்தான் தொடங்கியது. 2019இல், லாபத்துக்கு உச்சவரம்பு வைத்த ஒரு துணை நிறுவனத்தை உருவாக்கினார்கள். முதல் முதலீட்டாளர்களுக்கு அந்த வரம்பு போட்ட பணத்தைப்போல் 100 மடங்கு. ஊழியர்களுக்கு வழக்கமான பங்குக்குப் பதிலாக, வருங்கால லாபத்தில் உரிமை தரும் அலகுகள் கிடைத்தன. ஆனால் மேலே அமர்ந்திருந்த இயக்குநர் குழு, முதலீட்டாளருக்கோ ஊழியருக்கோ கடமைப்பட்டதல்ல. சாசனப்படி அதன் முதற்கடமை மனித குலத்துக்கு. நிறுவனம் அழிந்தாலும் அது இலட்சியத்துக்கு முரணாகாது என்று குழு சொன்னதாக ஊழியர்கள் தங்கள் கடிதத்திலேயே கொதித்திருந்தார்கள். சாசனத்தைப் படித்தால் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆளும் உரிமையை இலட்சியத்திடமும் ஊழியரின் சேமிப்பைச் சந்தை மதிப்பிடமும் ஒப்படைத்த அமைப்பு அது. ஒருநாள் இரண்டும் மோதாமல் எப்படி இருக்கும்?

கேள்வி: அப்படியானால் குழுவின் பக்கம் ஏன் அதிகம் பேர் நிற்கவில்லை?

பதில்: தங்கள் முடிவுக்கான காரணத்தை அவர்கள் ஊழியர்களிடம் விளக்கவில்லை. என் பார்வையில் அதுதான் பெரும் பிழை. இலட்சியத்துக்காகச் சம்பளத்தைத் துறக்கத் தயாராக இருப்பவருக்கும் எதற்காகத் துறக்கிறோம் என்பது தெரிய வேண்டாமா? இடைக்காலத் தலைவராகக் குழுவே அமர்த்திய மீரா முராட்டியும் கையெழுத்திட்டார். நீக்கத்துக்கு ஆதரவளித்த குழு உறுப்பினர் இலியா சட்ஸ்கேவரும் வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட்டார்.

கேள்வி: மைக்ரோசாஃப்டுக்குப் போகிறோம் என்றது துணிச்சல்தானே?

பதில்: அவ்வளவு துணிச்சல் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் வேலை உண்டு என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளித்திருப்பதாகக் கடிதமே சொன்னது. வருபவர்களுக்கு ஈடான ஊதியம் உண்டு என்பதையும் கடிதத்துக்குப் பின் மைக்ரோசாஃப்ட் தரப்பு பகிரங்கமாகவே சொன்னது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: அமெரிக்காவில் எச்1பி எனும் வேலை விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் வேலையிழந்தால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அப்படிப்பட்டவர் கையெழுத்திடும்போது பங்கு விலையைவிடக் குழந்தையின் பள்ளிக்கூடம்தான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் உறவினர் வீடுகளில் இந்த 60 நாள் கணக்கைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பணத்தை உண்மையிலேயே விட்டுக்கொடுத்தவர் யாராவது உண்டா?

பதில்: உண்டு, டேனியல் கொக்கொட்டைலோ. ஓப்பன்ஏஐயை விட்டு விலகுபவர்களிடம் நீட்டப்பட்ட காகிதம் 2024 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்தது. நிறுவனத்தைக் குறைகூற மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதையே வெளியில் சொல்லக் கூடாது. மறுத்தால், உழைத்துச் சம்பாதித்து ஏற்கெனவே உரிமையான அலகுகளையும் இழக்க நேரிடலாம். கொக்கொட்டைலோ மறுத்துவிட்டார். அதனால் பணயத்தில் நின்றது, அவர் குடும்பச் சொத்தில் சுமார் 85 விழுக்காடு. செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. இப்படி ஒரு விதி இருந்ததற்கு வெட்கப்படுவதாக ஆல்ட்மன் சொன்னார், நிறுவனம் அதைக் கைவிட்டது. 700 பேரின் கையெழுத்தைவிட இந்த ஒருவர் போடாத கையெழுத்துதான் எனக்கு அதிகம் சொல்கிறது. ஊழியரின் வாயை அவருடைய சேமிப்பைக் கொண்டே கட்டுவது அநியாயம். எந்த இலட்சியத்தின் பெயராலும் அதை நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: அந்த இலட்சிய அமைப்பு இப்போதும் இருக்கிறதா?

பதில்: பெயரளவில் தொடர்கிறது. 2025 அக்டோபரில் அமைப்பை மாற்றினார்கள். லாப உச்சவரம்பு போய்விட்டது. லாப நோக்கமற்ற அறக்கட்டளைக்கு அந்த மாற்றத்தின்போது சுமார் 26 விழுக்காடு பங்கும், இயக்குநர்களை நியமிக்கும் அதிகாரமும் கிடைத்தன.

கேள்வி: சென்னையில் ஒரு புத்தொழில் நிறுவனத்தில் இருக்கிறேன். நிறுவனர்களுக்குள் சண்டை. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, குறித்த விலையில் பின்னாளில் பங்கு வாங்கும் உரிமையை நம்பி வந்தவன் நான். இருக்கவா, போகவா?

பதில்: தம்பி, முதலில் பங்கு உரிமைக் கடிதத்தையும் திட்ட விதிகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டால் உரிமையான பங்குகளை எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று பாருங்கள். பல இடங்களில் 90 நாள்தான். வாங்கும்போது, அன்றைய சந்தை மதிப்புக்கும் நீங்கள் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்படும். விற்றுக் காசாக்கும் முன்பே வரி வந்து நிற்கும். அந்தத் தொகை கையில் இருக்கிறதா? நிறுவனம் பங்குகளைத் திரும்பப் பெறும் விதி இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். அதற்கு முன் எந்தக் கூட்டுக் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டாம்.