சாட்டை இருக்கட்டும், ஆணியைப் பிடுங்குங்கள்

கேள்வி: அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு சோடி வண்டிமாடு வாங்கினேன். இடப்பக்கம் பூட்டும் மாடு நகர மறுக்கிறது. "சாட்டைக்குத்தான் தடை, இதற்கு இல்லை" என்று தரகர், மாட்டைக் குத்தி ஓட்டும் ஆணி வைத்த தார்க்குச்சியைக் கொடுத்தார். போலீஸ் பிடிக்குமா?

பதில்: தரகர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். சாட்டை வைத்திருப்பது குற்றமில்லை. ஆணிக்குச்சியைத்தான் இழுவை மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. ஆணியை இன்றே பிடுங்கிவிடுங்கள்.

"மூக்கணாங்கயிற்றுக்கு மூக்கைக் குத்தலாம், சப்பையில் (பின்புறத்தில்) குத்தக்கூடாதா?" என்று தரகர் அடுத்துக் கேட்பார். தரகர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் மூக்குக்கயிறு போடுவதற்கு விலக்கு அளித்திருப்பது உண்மை. ஆனால் அது முறைப்படி துளையிட்டுக் கயிறு கோப்பதற்கு மட்டும். கோத்த கயிற்றை மூக்கு கிழியச் சுண்டுவதற்கு அல்ல. சப்பைக்கு அந்த விலக்கு அறவே இல்லை.

சந்தையில் நன்றாக நடந்த மாடு வீட்டில் ஏன் நிற்கிறது? துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது உங்கள் கண் தரகரின் முகத்தில் இருந்திருக்கும். பின்னால் ஓர் ஆள் மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டு நின்றிருப்பான். வாலடியில் முடிக்கு எதிராக உள்ளங்கையை ஓட்டுங்கள். கேழ்வரகு மணிபோல் பொருக்குகள் நெருடினால் அது பழைய ஆணித்தழும்பாக இருக்கலாம். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினாலும் அது மறையாது. புதுப் புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்கிறீர்களா? முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. டீக்காசுக்கு மாட்டைக் குத்தலாம் என்று சட்டமே சொல்வதுபோல் இருக்கிறது. இதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

சாட்டையை மாட்டின் மேல் போடாதீர்கள். நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால்தான் அந்தச் 'சடார்' எழுகிறது. அதைக் கேட்டாலே மாடு நகரும். பழக்கும்போது நேர் பின்னால் நிற்காதீர்கள், அங்கே அதற்குக் கண் தெரியாது. தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நில்லுங்கள். முன்னால் நடக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் நுகத்தடி படும் இடத்தில் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்ததும் தலையைச் சிலுப்பினால் வண்டி பூட்டாமல் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள்.