சரணாலயத்துக்கு நிலம்: ஆட்சேபணை மனு வேறு, உரிமைக் கோரிக்கை வேறு

கேள்வி: ஏரியை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. தாத்தா காடு வெட்டித் திருத்தியது. ஏரியையும் சுற்றுப்புறத்தையும் பறவைகள் சரணாலயமாக்கப் போவதாக அரசு அறிவித்து, ஆட்சியரின் பிரகடனமும் ஒரு மாதத்துக்கு முன் வந்துவிட்டது. ஊரே சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்திருக்கிறோம். வழிகாட்டி மதிப்புதான் கிடைக்கும் என்கிறார்கள். பக்கத்து நிலமோ ஏக்கர் 40 லட்சத்துக்குப் போனது. இதற்கு நடுவில், நகை போட்டுக் கட்டிக்கொடுத்த அக்கா பங்கு கேட்கிறார். சரணாலயத்தையும், அக்கா கேட்பதையும் தடுக்க முடியுமா?

பதில்: தாத்தா திருத்திய நிலம் என்பதும், கொக்குக்கும் நாரைக்கும் கிடைக்கும் மரியாதை விவசாயிக்கு இல்லை என்பதும் உங்கள் வருத்தம். வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். நீலகிரி சீகூர் யானை வழித்தட வழக்கில் வசதியுள்ள ரிசார்ட் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்றே தீர்ப்பு வந்தது. தனித்தனி ஆட்சேபணைகளை விசாரிக்க ஒரு குழு அமைந்தது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பிரகடனத்தின் தேதி. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் பிரிவு 21-படி, அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உரிய படிவத்தில் எழுத்துபூர்வமாகக் கோரிக்கை தர வேண்டும். என்ன உரிமை, எவ்வளவு பரப்பு, எவ்வளவு இழப்பீடு, எந்தக் கணக்கில் என்று அதில் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஊர்கூடிக் கொடுத்த எதிர்ப்பு மனு இந்தக் கோரிக்கைக்கு ஈடாகாது.

என்னிடம் வருபவர்கள் விழும் குழி இதுதான். மனு கொடுத்தாச்சு என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அதில் சர்வே எண் இருக்காது, தொகையும் இருக்காது. விசாரணை நாளன்று ஆட்சியர் முன் இருப்பது வருவாய்த் துறையின் கணக்கு மட்டும்தான்.

அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தின் பிரிவு 26-படி வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அருகில் அதே மாதிரி நிலங்களுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், விலை கூடிய பாதியின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் அதிகமானதுதான் அடிப்படை. கிராமப்புறமென்றால் அது ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு வரை பெருக்கப்படும். அதற்குமேல், நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காக நூறு சதவீத ஆறுதல் தொகை. அடிப்படையில் ஒரு ரூபாய் விட்டால் கடைசியில் இரண்டு ரூபாயாவது போகும். பக்கத்து நிலம் 40 லட்சத்துக்குப் போனது ஊருக்குத் தெரியும், சரி. பத்திரத்தில் என்ன எழுதினார்கள்? 12 லட்சம் என்று எழுதி மீதியைக் கையில் வாங்கியிருந்தால், அந்தப் பத்திரம் உங்களுக்கு எதிரான சாட்சி. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, உண்மை விலை எழுதிய பத்திரங்களின் நகல்களை எடுத்துக் கோரிக்கையுடன் சேருங்கள். கிணறு, போர், பனை, புளி எல்லாவற்றையும் எண்ணி எழுதுங்கள். அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. அப்படியே ஏரிப் புறம்போக்கில் உழுததையும் பட்டாவோடு சேர்த்துக் காட்டிவிடாதீர்கள். அளவை நடந்தால் அது வெளிவரும், உங்கள் பேச்சில் நம்பிக்கையும் போய்விடும்.

நிலம் எல்லையோரத்தில் இருந்தால், அதைச் சரணாலயத்திலிருந்து விலக்கும்படி முதல் கோரிக்கையாகவே கேளுங்கள். பிரிவு 24 ஆட்சியருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. எனக்குத் தெரிந்து பலர் இதைக் கேட்பதே இல்லை.

அப்புறம், இழப்பீட்டுத் தொகை பெறும் நாள். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதாமல் கையெழுத்திட்டால், தொகை போதாது என்று பிறகு மேலே கேட்கும் உரிமை போய்விடும். 2013 சட்டத்தின் பிரிவு 77 இதைத் தெளிவாகச் சொல்கிறது. குமாஸ்தா நீட்டும் படிவத்தில் அந்த வரி இருக்காது. நீங்களே கையால் எழுதுங்கள். எழுதினாலும் காலக்கெடு உண்டு: ஆட்சியர் தீர்வம், அதாவது இழப்பீட்டு ஆணை, பிறப்பிக்கும்போது நீங்களோ உங்கள் வக்கீலோ அங்கே இருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் நில எடுப்புத் தகராறுகளை விசாரிக்கும் அதிகார அமைப்புக்கு அனுப்பக் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று எவராவது முன்பணம் நீட்டினால் வாங்காதீர்கள். சரணாலய அறிவிப்புக்குப் பிறகு வாரிசுரிமை, உயில் தவிர வேறு வழியில் யாருக்கும் புது உரிமை வராது. அந்த முன்பணம் நாளைக்கு உங்கள்மேல் மோசடிப் புகாராகத் திரும்பும்.

அக்கா விஷயம். போட்ட நகை அவர் பங்கைக் கழிக்காது. பூர்வீகச் சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் மகனும் சமம். நீங்கள் மறுத்தால் அவர் ஒரு தடை மனுப் போடுவார். பணம் உங்கள் கைக்கு வராமல் அந்த அதிகார அமைப்பில் வைப்பாக உட்காரும், வருடங்கள் ஓடும், இரண்டு வக்கீல்கள் பிழைப்பார்கள். சண்டை போடாமல் அவர் பங்கைக் கொடுத்துவிடுங்கள். பங்கு விகிதத்தை எழுதி, இருவரும் ஒரே கோரிக்கையில் கையெழுத்திட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அக்கா சம்மதிக்கக் கூடுதலாகக் கொஞ்சம் கேட்டாலும் கொடுங்கள். வழக்குச் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.