மாடி வீட்டுக்கு லிஃப்ட் தேவையா, வெறும் ஆடம்பரமா?

ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். முட்டி வலிக்காரர்களுக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும் பாடு, அதனாலேயே பல வீடுகளில் பெரியவர்கள் மொட்டை மாடிப் பக்கமே போகாமல் கீழ் அறையிலேயே முடங்கிவிடுகிறார்கள். லிஃப்ட் இருந்தால் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் அவர்கள் பாட்டுக்கு மேலே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள்.

ஆனால் தினமும் கைகொடுப்பது சாமான் ஏற்றத்தான். சிலிண்டர், ஈரத்துணி பக்கெட், அப்புறம் தூங்கிப்போன குழந்தை. இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஏறுகிறவருக்குக் கால் வைக்கும் படியே கண்ணில் படாது, அங்கேதான் வழுக்கும்.

கரண்ட் போனால் நடுவில் மாட்டிக்கொள்வோமே என்ற பயமா? ஏஆர்டி என்ற பேட்டரி அமைப்பையும் சேர்த்துப் போட்டால், பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். தீப்பிடித்தால் மட்டும் படிதான், லிஃப்ட் பக்கமே போகக்கூடாது. சக்கர நாற்காலி நுழைய வேண்டுமென்றால் கதவு அகலம் 80 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள் (விற்பவர்கள் இதைத் தாங்களாகச் சொல்வது அபூர்வம்).

இப்போதைக்குப் பணம் இடிக்கிறதா, சரி, கட்டும்போதே எல்லாத் தளத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இடம் மட்டும் விட்டுவையுங்கள், அதுவரை அலமாரியாக இருக்கட்டும்.