சிறையில் எச்ஐவி சேவை: காவலர்கள் தயங்கும்போது எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எங்கள் ஊர் மத்திய சிறையில் எச்ஐவி பரிசோதனையும் சிகிச்சையும் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்காணிப்பாளர் சம்மதித்துவிட்டார். காவலர்கள்தான் ஒத்துவரவில்லை. "யார் யாருக்கு இருக்குன்னு லிஸ்ட் கொடுங்க, தனி பிளாக்ல போட்டுடுறோம்" என்கிறார்கள். இரண்டு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாவது கூட்டம் வேண்டாம். காவலர்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று கவலைகள் இருக்கும். என் உடம்புக்கு வந்துவிடுமோ? ஆள் பற்றாத டூட்டியில் இன்னொரு வேலையா? இதை அனுமதித்தால் உள்ளே உறவும் போதையும் நடக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா? கொசு கடித்தால் வராது, தட்டைப் பகிர்ந்தால் வராது என்று சொல்வது முதல் கவலைக்கே பாதிப் பதில்தான்.

அந்த முதல் கவலை ஆதாரமில்லாததும் அல்ல. 1990-இல் சிட்னியின் லாங் பே சிறையில் ஒரு காவலரை எச்ஐவி உள்ள கைதி ரத்தம் ஏற்றிய ஊசியால் குத்தினார். அந்தக் காவலர் தொற்று ஏற்பட்டு 1997-இல் இறந்தார். எனவே "பயப்படாதீர்கள்" என்று சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள். தொற்றுள்ள ரத்தம் படிந்த ஊசி குத்தினால் எச்ஐவி வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்சில், வியர்வை, காயமில்லாத தோலில் பட்ட ரத்தம் ஆகியவற்றால் எச்ஐவி வராது.

கைதிகளுக்குப் பரிசோதனை தொடங்கும் முன்பே காவலர்களுக்கான பாதுகாப்பை உள்ளே கொண்டுபோங்கள். எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் 2017-இன் 19-ஆம் பிரிவு, ரத்தம் படும் ஆபத்துள்ள பணியிடங்களில் இதை நிர்வாகத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். சிறை மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும்படி அவசரத் தடுப்பு மருந்து: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். முதல் மாத்திரை 2 மணி நேரத்துக்குள் உள்ளே போவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மருந்து இருந்தும் சாவி பகல் டூட்டி பார்மசிஸ்ட் வீட்டில் இருப்பதுதான் அடிக்கடி நேரும் கோளாறு. முதல் டோஸை மட்டும் தனியாக எடுத்து, இரவில் யார் பொறுப்பு என்று எழுதிவையுங்கள்.

கைதிகளின் உடைமைகளைச் சோதனை போடும் முறையையும் மாற்றச் சொல்லுங்கள். பைக்குள், தலையணைக்குள் கை விடக்கூடாது. கைதியே வெளியே கொட்டட்டும், மீதியை டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்க்கலாம். மெல்லிய ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது. குத்திவிட்டால் பிதுக்கவோ வாயில் வைக்கவோ டெட்டால் ஊற்றவோ வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். இதைக் காலை ரோல்காலில் பத்து நிமிடம், ஒரு தலைமைக் காவலர் செய்து காட்டினால் உங்கள் இரண்டு கூட்டங்களையும் விட எடுபடும். வெளியிலிருந்து வந்தவர் வாயால் கேட்டால் அது பாடம். தங்களில் ஒருவர் சொன்னால் அது வேலை.

அடுத்தது லிஸ்ட். தொற்றைக் காரணம் காட்டிப் பிரித்து அடைப்பதை அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. சம்மதமின்றி நிலையை வெளியிடுவதை 8-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் சட்டத்தை முதலில் எடுத்தால் முகம் சுருங்கிவிடும். லிஸ்ட் அவர்களையே ஏமாற்றும் என்று காட்டுங்கள். நேற்று வந்த விசாரணைக் கைதி அதில் இருக்கமாட்டார். புதிதாகத் தொற்றியவருக்கு முதல் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, ‘இல்லை’ என்றே முடிவு வரும். லிஸ்டில் இருப்பவரோ மாத்திரை சாப்பிட்டு வைரஸ் அளவு அடங்கியவராக இருப்பார். எனவே யாருடைய ரத்தமானாலும் ஒரே மாதிரி கையாள்வதுதான் காவலருக்குப் பாதுகாப்பு. தரையில் சிந்தினால் துணி போட்டு மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும்.

லிஸ்ட் கொடுக்காவிட்டாலும் அது தானாகக் கசியும், கவனியுங்கள். கைதியை வெளியே அழைத்துப்போக வழிக்காவல் கேட்கும் கடிதத்தில் "ஏஆர்டி" (எச்ஐவி மருந்துச் சிகிச்சை) என்று எழுதுவது, மருத்துவமனைப் பதிவேட்டைக் கைதி உதவியாளர் கையில் விடுவது, செவ்வாய்தோறும் அதே நான்கு பேரை மட்டும் வேனில் ஏற்றுவது. கடிதத்தில் "மருத்துவப் பரிசோதனை" போதும். சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களோடு சேர்த்து அனுப்புங்கள். மாத்திரையை டப்பாவோடு தராமல் மற்ற மருந்துகளைப் போலவே கவரில் கொடுங்கள்.

வேலைச்சுமை பற்றிய முணுமுணுப்பை அலட்சியம் செய்யாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. விரல் நுனி ரத்தப் பரிசோதனையை சிறை மருத்துவமனையிலேயே வையுங்கள், தொற்று இருக்கலாம் என்று காட்டியவருக்கு மட்டும் நம்பிக்கை மையத்தில் மூன்று வகைப் பரிசோதனை. மாதாந்திர மாத்திரையை உள்ளேயே தர ஏஆர்டி மையத்தோடு பேசினால் வழிக்காவல் வேலை குறையும். உள்ளே வந்த முதல் நாளில் பரிசோதிக்க அவசரப்பட வேண்டாம். போதை இறங்காதவர், தூங்காதவர் தரும் சம்மதம் சம்மதமல்ல. சில நாள் கழித்து, மாலையில் அறைகளைப் பூட்டும் லாக்கப்புக்கு வெகு முன்பாக வையுங்கள். காவலர் கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கட்டும். "நான் கூட இருக்கணும்" என்ற வாதம் இதோடு முடிந்துவிடும்.

கூடவே காசநோயையும் சேருங்கள். பூட்டிய அறையின் காற்றைக் காவலரும் சுவாசிப்பதால் அவருக்கு உண்மையான ஆபத்து அதுதான். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என்ற நான்கு கேள்விகளைக் காவலர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கு எச்ஐவி பரிசோதனை வேண்டுமென்றால் சிறைக்கு வெளியே உள்ள மையத்தைக் காட்டுங்கள். உள்ளே யாரும் வரமாட்டார்கள்.

உள்ளே நடப்பதை ஒப்புக்கொண்டதாகாதா என்ற மூன்றாவது கவலைதான் கடினம். 1994-இல் திகார் சிறையில் ஆணுறை தர நிர்வாகம் மறுத்ததும் அது நீதிமன்றம் வரை போனதும் இந்தக் கவலையால்தான். சுவிட்சர்லாந்தின் ஓபர்ஷோன்குரூன் சிறையில் 1992-இல் ஒரு மருத்துவர் நிர்வாகத்திடம் சொல்லாமலே சுத்தமான ஊசி கொடுக்க ஆரம்பித்தார். விஷயம் தெரிந்ததும் நிர்வாகம் அவர் வாதத்தைக் கேட்டு ஏற்றது. நீங்கள் சொல்லாமல் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காமல், யாரும் மறுக்காத இடத்தில் தொடங்குங்கள்: ஒருவருக்கு ஒரு பிளேடு, பச்சை குத்தும் ஊசியைப் பகிர்வதன் ஆபத்து, போதை நிறுத்தத்தால் துடிப்பவருக்கு மருத்துவம். திகாரில் 2008-இல் தொடங்கிய மாற்று மருந்துச் சிகிச்சையில் (போதைப்பொருளுக்குப் பதிலாக மருத்துவர் தரும் மருந்து) ஊழியர் கண் முன்னே நாக்குக்கடியில் மாத்திரை கரைகிறது. கடத்தலைப் பற்றிக் கேட்பவருக்கு அந்த முறையையே விளக்கலாம்.

கடைசியாக, விடுதலைப் பிரிவு எழுத்தரை மறக்காதீர்கள். ஜாமீன் உத்தரவு மாலையில் வரும், ஆள் போய்விடுவார், மாத்திரை உள்ளேயே கிடக்கும். விடுதலை, இடமாற்றம் இரண்டுக்கும் மருத்துவமனைக்கு ஒரு போன் கட்டாயம் என்று கண்காணிப்பாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். ஒரு மாத மாத்திரை, சிகிச்சைப் புத்தகம், 1097 உதவி எண் மூன்றும் ஒரே உறையில், பெயர் மட்டும் எழுதி, முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.