கால் வரை வந்த கொடுவா ஏன் கடிக்கவில்லை?

கேள்வி: ஆற்றங்கரை முகத்துவாரத்தில் மாலை வேளையில் செயற்கை இரை வீசுகிறேன். கொடுவா மீன் கால் வரை பின்தொடர்ந்து வந்து, கடிக்காமல் திரும்பிவிடுகிறது. அமெரிக்கக் காணொளிகளில் பாஸ் மீனுக்குச் சொல்வதைப் பார்த்து மூன்று நிறம் மாற்றினேன். பலனில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், உச்சிப்புளி)

பதில்: நிறத்தை விட்டுவிடுங்கள். கால் வரை வந்த மீனுக்கு இரை நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிடிக்காமல் போனது இரையின் ஓட்டம்.

காணொளியில் வரும் பாஸ் நன்னீர் ஏரிகளில் வாழ்வது. ஓடாத தண்ணீருக்குச் சொன்ன வேகம் நம் முகத்துவாரத்துக்குப் பொருந்தாது. கொடுவா கல்லையோ கழியையோ அண்டி, நீரோட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து நிற்கும். தண்ணீர் இழுத்து வரும் மடவைக் குஞ்சும் இறாலும் அருகில் வந்ததும் வாயைப் படாரென்று திறந்து, தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும். நெடுந்தூரம் துரத்துவது அதன் வழக்கமல்ல.

அதனால் இரை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ஓட்டத்தின் மேல்பக்கம் குறுக்காக வீசி, தண்ணீரோடு இறங்கி வரவிடுங்கள். வாலுக்குப் பின்னாலிருந்து ஓட்டத்தை எதிர்த்து ஏறி வரும் குஞ்சை மீன் சந்தேகப்படும்.

அடுத்தது வேகம். 4000 அளவு ரீலில் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய முக்கால் மீட்டர் தூண்டில் நரம்பு உள்ளே வரும். ஆனால் இரையை ஆட்டுவது தண்ணீருக்கும் இரைக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசம்தான். எதிர் ஓட்டத்தில் கைப்பிடியைச் சும்மா பிடித்திருந்தாலே இரை துள்ளும். ஓட்டத்தோடு வரும்போது அதே சுற்று போதாது. இரை செத்த குச்சிபோல் மிதந்து வரும். பாக்கு நீரிணைப் பக்கம் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஒரு மீட்டர்கூட ஏறாது என்றாலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முகத்துவாரத்தில் இழுப்பு கூடும். ஆகவே வீசும் முன் முழங்கால் தண்ணீரில் இரையை இழுத்துப் பாருங்கள். அது ஆடத் தொடங்கும் மிகக் குறைந்த வேகம்தான் உங்கள் அளவு. ராடின் நுனியில் மெல்லிய துடிப்பு தெரிய வேண்டும்.

மூன்று நான்கு சுற்று, பிறகு இரண்டு மூன்று நொடி நிறுத்தம். நிறுத்தத்தில்தான் கொடுவா பெரும்பாலும் அடிக்கும். அப்போது நரம்பைத் தளர்த்திவிடாதீர்கள்; தொய்ந்த நரம்பில் அடி கைக்குத் தெரியாது. பாறை மீனும் சீலா மீனும் இதற்கு நேர்மாறு, அவற்றுக்கு வேகம்தான் வெறியேற்றும்.

இனி மீன் பின்தொடர்வதைக் கண்டால், பதற்றத்தில் இரையைத் தூக்கிவிடாதீர்கள். நிறுத்தி மூழ்கவிட்டு, ஒரே ஒரு சுண்டு சுண்டுங்கள்.

மீன் மாட்டியதும் செவுள் மூடியில் விரல் வைக்க வேண்டாம், கத்திபோல் அறுக்கும். மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் இனம் இது. என் தூண்டிலில் வந்தால் நான் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன்.