அமெரிக்காவில் லாபி செய்வது, அதாவது சட்டம் செய்பவர்களிடம் போய் ஒரு சட்டத்துக்கு ஆதரவோ எதிர்ப்போ திரட்டுவது, சட்டப்படி சரி என்கிறார்கள். அதற்கும் லஞ்சத்துக்கும் என்ன வித்தியாசம்? பணக்காரக் குழுக்கள் உண்மையிலேயே அரசின் முடிவுகளை மாற்றிவிடுகின்றனவா?

ஒரே ஒரு நாள் நானும் லாபி செய்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 ஏப்ரல். நியூ ஜெர்சியில் எச்1பி விசாவில் வேலை. கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கும் இந்தியர்கள் சிலர் விடியற்காலையில் வேன் பிடித்து வாஷிங்டன் போனோம். வேலை அடிப்படையில் தரப்படும் கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. இந்த உச்சவரம்பை எடுத்துவிடச் சொல்லும் மசோதா, எச்.ஆர். 1044, அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் இருந்தது. அதற்கு ஆதரவு கேட்கத்தான் போனோம்.

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். உறுப்பினரைப் பார்க்க முடியவில்லை. அவருடைய உதவியாளர் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், அறையில் இடமில்லை என்று எங்களை வராந்தாவில் நிற்க வைத்தே பேசினார். குடியேற்றம் மட்டும் அவர் பொறுப்பு இல்லை. போக்குவரத்து, விவசாயம், முன்னாள் ராணுவத்தினர் விவகாரம் எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் கஷ்டத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மூன்று கேள்வி கேட்டார். எங்கள் தொகுதியில் இப்படி எத்தனை பேர் இருக்கிறீர்கள்? வேறு எந்த உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? இதை யார் எதிர்க்கிறார்கள்? அப்புறம், "எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்றார். பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

லாபி என்பதன் பெரும்பகுதி இந்த ஒரு பக்கம்தான். நான்கு துறையை ஒற்றை ஆளாகப் பார்க்கும் அந்தப் பையனுக்கு எந்த மசோதாவையும் ஆழமாகப் படிக்க நேரமில்லை. யார் அவருக்குத் தெளிவாக எழுதித் தருகிறார்களோ அவர்கள் பார்வைதான் உறுப்பினர் மேஜைக்குப் போகும். நாங்கள் எழுதியது சுமாராக இருந்திருக்கும். இதையே தொழிலாகச் செய்கிற ஒருவர் சட்டத்தில் எந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுவார்.

சரி, லஞ்சத்துக்கு வருவோம். "இந்த ஓட்டைப் போடு, இந்தப் பணத்தைப் பிடி" என்று பேரம் பேசினால் அது அங்கேயும் குற்றம்தான். ஜாக் ஏப்ரமாஃப் என்ற பெரிய லாபியிஸ்ட் 2006-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கே போனார். ஆனால் அரசிடம் போய் முறையிடுவது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தரும் உரிமை. எனக்கு ஓட்டு கிடையாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டுக்காரன் என்பதால் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தர முடியாது. ஆனால் லாபி செய்யலாம். யாரும் தடுக்கவில்லை. காசு வாங்கித் தொழிலாகச் செய்பவர்கள் மட்டும் 1995-ல் வந்த சட்டப்படி பதிவு செய்து, யாருக்காக, எதற்காக, எவ்வளவுக்கு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். இப்படிக் காட்டப்படும் தொகை இப்போதெல்லாம் வருஷத்துக்கு 400 கோடி டாலரைத் தாண்டுகிறது.

தேர்தல் நன்கொடை இதில் எங்கே வருகிறது? ஒரு குழுவின் அரசியல் நிதியிலிருந்து ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர்தான் தரலாம். ஆனால் 2010-ல் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழித்தால் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் வரம்பே இல்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். ஜெயித்த மறுநாளே அடுத்த தேர்தலுக்குப் பணம் திரட்ட உட்கார வேண்டும். அந்த நிதி திரட்டும் காலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர் உறுப்பினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். நான் வராந்தாவில் நின்று பேசினேன். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி, கொள்கையை மாற்றுகிறார்களா என்ற கேள்வி. என் பார்வையில் இவர்களின் பெரிய திறமை நடக்க வேண்டியதை நடக்கவிடாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. துப்பாக்கியும் எண்ணெயும் எல்லோரும் சொல்லும் உதாரணங்கள். நான் சொல்ல நினைப்பது ஒரு சப்பையான விஷயம்: வருமான வரித்தாக்கல்.

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்களுக்குத் தெரியும், ஏப்ரல் 15 வந்தால் என்ன பாடு என்று. சம்பளம் மட்டுமே வாங்குகிற ஆளுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று கம்பெனி டபிள்யூ-2 படிவத்தில் வரித்துறைக்கே அனுப்பிவிடுகிறது. வங்கி வட்டியும் அப்படியே போய்விடுகிறது. அரசிடம் இருக்கும் அதே எண்களை நான் ஒரு மென்பொருளுக்குக் காசு கட்டித் தட்டச்சு செய்து அதே அரசுக்கு அனுப்புகிறேன். ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் வரித்துறையே நிரப்பி அனுப்பும், சரியா என்று பார்த்து ஒப்புதல் தந்தால் போதும். அமெரிக்காவுக்கு இது தோன்றாமல் இல்லை. 1985-லேயே அதிபர் ரீகனின் வரிச் சீர்திருத்தத் திட்டத்தில் இந்த யோசனை இருந்தது.

2002-ல் புஷ் அரசு இணையத்தில் இலவசத் தாக்கலுக்கு வழி தேடியபோது வரி மென்பொருள் கம்பெனிகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. டர்போடாக்ஸை விற்கும் இன்ட்யூட், எச் அண்ட் ஆர் பிளாக் எல்லாம் அதில் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு நாங்களே இலவசமாகத் தருகிறோம். பதிலுக்கு வரித்துறை சொந்தமாக மென்பொருள் செய்து போட்டிக்கு வரக்கூடாது. கேட்க நல்ல ஏற்பாடுதான். நாட்டில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இலவசத் தகுதி இருந்தது. பல வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு.

ஏன் என்பது 2019-ல் வெளிவந்தது. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் தோண்டிப் பார்த்தது. இலவசப் பக்கம் கூகுள் தேடலில் வராதபடி கம்பெனிகள் தங்கள் தளத்தில் நிரல் எழுதி மறைத்திருந்தன. இலவசம் என்று தேடி வந்தவர்கள் காசு கட்டும் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் 2022-ல் இன்ட்யூட் எல்லா மாநிலங்களோடும் 14.1 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

கலிஃபோர்னியாக் கதை இன்னும் சுவாரசியம். 2005-ல் அந்த மாநிலம் படிவத்தைத் தானே நிரப்பித் தரும் திட்டத்தைச் சோதித்தது. மாநில வரி வாரியத்தின் தலைமையில் கன்ட்ரோலர் என்ற பதவி உண்டு, தேர்தலில் வருவது. நம்மூரில் யாரும் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்காத பதவி. அங்கேயும் பலருக்குத் தெரியாது. 2006-ல் அந்தத் தேர்தலில் இந்தத் திட்டத்தை எதிர்த்த வேட்பாளருக்கு ஆதரவாக இன்ட்யூட் பத்து லட்சம் டாலர் செலவழித்தது. ஆள் தோற்றுப்போனார். எதிர்ப்பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் ஜோசஃப் பேங்க்மன், திட்டத்தைக் காப்பாற்றச் சொந்தக் காசு சுமார் 30,000 டாலர் போட்டு ஒரு லாபியிஸ்டை அமர்த்தினார். (ஆமாம், கிரிப்டோ மோசடியில் சிறைக்குப் போன சாம் பேங்க்மன்-ஃப்ரீடின் அப்பாவேதான்.) வரி படிவம் எளிதாக வேண்டும் என்று ஆசைப்படும் கோடிக்கணக்கான பேருக்காகக் கைக்காசு போட ஒரு பேராசிரியர்தான் வந்தார்.

கோடிக்கணக்கான பேருக்கு இதில் போவது ஆளுக்கு நூறு டாலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். அதற்காக யார் வேன் பிடித்து வாஷிங்டன் போவார்? கம்பெனிக்கோ இது பிழைப்பு. அரசே இலவச மென்பொருள் தருவது தொழிலுக்கு ஆபத்து என்று இன்ட்யூட் தன் பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கையில் எழுதியே வைத்திருக்கிறது. வருஷத்துக்குச் சில மில்லியன் டாலர் லாபிக்குப் போனால் அவர்களுக்கு அது காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் காசுக்காக எதிர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி வசூலிப்பவனே கணக்கும் எழுதினால் யார் பக்கம் எழுதுவான் என்ற கேள்வி நியாயமானது. வரியைக் குறைக்கப் போராடும் குரோவர் நார்குவிஸ்டின் அமைப்பும் இதை எதிர்க்கிறது. வரி கட்டுவது வலிக்காவிட்டால் அரசு சத்தமில்லாமல் ஏற்றிவிடும் என்பது இந்தப் பக்கத்து வாதம். எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அது நம்பிக்கை, விற்பனை அல்ல. கம்பெனியின் லாபமும் ஒருவருடைய கொள்கையும் ஒரே பக்கம் நிற்கும்போதுதான் லாபி பலமாகிறது.

நாங்கள் வாஷிங்டன் போன அதே 2019 ஏப்ரலில், வரித்துறை போட்டிக்கு வரக்கூடாது என்ற அந்த உடன்படிக்கையைச் சட்டமாகவே ஆக்கும் பிரிவைக் கொண்ட ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பு. யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பதிவே கிடையாது. இரண்டு கட்சியும் ஆதரவு. அதன் பிறகுதான் புரோபப்ளிகா கட்டுரைகள் வந்து, அந்தப் பிரிவை எடுத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் வரித்துறை தடையிலிருந்து விடுபட்டது. 2024-ல் டைரக்ட் ஃபைல் என்ற அரசின் சொந்தத் திட்டம் 12 மாநிலங்களில் சோதனையாக வந்து 1,40,000 பேர் தாக்கல் செய்தார்கள். அடுத்த வருஷம் 25 மாநிலம். 2026-க்கு அது கிடையாது என்று டிரம்ப் அரசு நிறுத்திவிட்டது. நாற்பது வருஷமாக இதே கதை.

மருந்து விலைக் கதை இதைவிடப் பெரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 நவம்பரில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவைச் சேர்க்கும் சட்டம் நிறைவேறியது. விலை பேரத்தில் அரசு தலையிடக்கூடாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டிய வாக்கெடுப்பை விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஏறக்குறைய ஆறு மணிவரை இழுத்து, 220-க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். அந்தச் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த கமிட்டித் தலைவர் பில்லி டாசின், பதவியை விட்டதும் 2005 ஜனவரியில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவரானார். அரசு பேரம் பேசலாம் என்று சட்டம் மாற 2022 ஆனது. அதுவும் முதலில் பத்தே மருந்துக்கு, அந்த விலை அமலுக்கு வந்தது 2026-ல்.

பாருங்கள், லாபி தோற்கவும் செய்கிறது. ஆனால் தோற்பதற்குள் இருபது வருஷ லாபம் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் மசோதா என்ன ஆனது என்று கேட்பீர்கள். 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2019 ஜூலையில் 365-க்கு 65 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது நியூ ஜெர்சியில் லட்டு கொடுத்தோம். மேல்சபையான செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தார்கள். அந்த வழியில் நூறு பேரில் ஒருவர் "இல்லை" என்றால் போதும். நர்ஸ்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ராண்ட் பால் நிறுத்தினார். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் இதைச் செய்தால் மற்ற நாட்டுக்காரர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று டிக் டர்பின் நிறுத்தினார். அது பொய்யில்லை, எங்கள் வரிசை குறைந்தால் அவர்கள் வரிசை நீளும். அவர்களும் எங்களைப் போலவே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். 2020 டிசம்பரில் செனட் திருத்தங்களோடு ஒரு வடிவத்தை நிறைவேற்றியது. இரு சபை வடிவமும் ஒன்று சேர்வதற்குள் ஜனவரியில் காங்கிரஸின், அதாவது அந்த நாடாளுமன்றத்தின், காலம் முடிந்தது. மசோதா செத்துப்போனது.

போன வருஷம் சும்மா இருந்த ஒரு சாயங்காலம், அந்த லாபி பதிவுத் தளத்தில் வராந்தாப் பையனின் பெயரைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. வாஷிங்டனில் லாபி நிறுவனங்களுக்குப் பேர்போன கே தெருவில் ஒரு நிறுவனத்தில் லாபியிஸ்ட். அவருடைய வாடிக்கையாளர்கள் பட்டியலில் குடியேற்றம் ஒன்றுகூட இல்லை, பாதிக்குமேல் போக்குவரத்து. எங்கள் ஒரு பக்கத்துக்கு அன்று ராத்திரியே நன்றி சொல்லிப் பதில் போட்டவர் அவர்தான்.